தூசி போனது, சத்தம் வந்தது

ஆறு ஆண்டுகளாக எந்த வம்பும் செய்யாமல் ஓடிக்கொண்டிருந்த என் மேசைக் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே கம்பளிபோல் படிந்திருந்த தூசியை ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து நீக்கிவிட்டு, மாலையில் பவர் பட்டனை அழுத்தினேன். முதலில் டர்ர்ரென்று அறுப்பது போன்ற ஒரு சத்தம் கேட்டது. அதற்கடியில் மேசையையே லேசாக நடுங்கவைக்கும் ஓர் உறுமல் இருந்தது. இரண்டு நிமிடம் கழிவதற்குள் இவை இரண்டையும் மூடிக்கொண்டு காற்று இரையத் தொடங்கியது. தூசியோடு இருந்தவரையில் அந்தக் கணினி அறையில் இருப்பதே தெரியாது. சத்தம் வராமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே அந்த வேலையில் இறங்கியவன் ஆதலால், தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்ற பழமொழியை, கையில் மிஞ்சியிருந்த திருகாணியைப் பார்த்தபடியே நினைத்துக்கொண்டேன்.

விசிறி போய்விட்டது, புதிதாக ஒன்று வாங்கவேண்டும் என்பதே முதலில் தோன்றிய எண்ணம். ஆனால் காலையில் ஒழுங்காக ஓடிய விசிறி மாலையில் கெடவேண்டுமென்றால் இடையில் ஏதாவது நடந்திருக்கவேண்டும். இடையில் நடந்ததோ நான் அதன்மீது கைவைத்தது மட்டும்தான். எனவே எது கெட்டது என்று தேடுவதற்கு முன்னால், எதையெல்லாம் தொட்டேன் என்று ஒரு தாளில் எழுதினேன். பின்னால் வந்த மூன்று நாள்களுக்கும் அந்தத் தாள்தான் எனக்கு வழிகாட்டியது. சுத்தம் செய்தவுடன் தொடங்கும் சத்தத்துக்கும் மாதக்கணக்கில் மெல்ல ஏறிவரும் சத்தத்துக்கும் காரணங்கள் பெரும்பாலும் வேறுவேறானவை. முன்னதற்குக் கைவேலை காரணம், பின்னதற்குத் தேய்மானம் காரணம். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து வரக்கூடும் என்பது மட்டும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தாளில் எழுதியவை பெருமைப்படத்தக்கவை அல்ல. கேபினெட்டின் முன்புறமும் பின்புறமும் இருந்த 120 மி.மீ. விசிறிகள் இரண்டையும் கழற்றி மாட்டியிருந்தேன். ப்ராசஸரின் மேல் உள்ள கூலரைக் கழற்றச் சோம்பல்பட்டு, அதை விரல்களால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்து, வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்கின் மெல்லிய தகடுகளுக்கிடையில் அடைத்திருந்த தூசியைத் தூரிகையால் நெம்பி எடுத்திருந்தேன். குறுக்கே வந்த ஒயர்களை ஒதுக்கியிருந்தேன். ஒதுக்கியவற்றை எங்கே விட்டேன் என்பது நினைவில் இல்லை. எல்லாவற்றையும்விட மோசமாக, கையடக்கமான ஒரு மின் ஊதுகருவியை விசிறிகளின் நேரெதிரே பிடித்து, அவை விர்ரென்று சுழல்வதைக் காற்றாடியைப் பார்க்கும் சிறுபிள்ளைபோல் ரசித்துக்கொண்டிருந்தேன். அந்த ரசனைக்கு உரிய தண்டனை கடைசியில்தான் வந்தது.

ஒரு கேபினெட்டுக்குள் மூன்று நான்கு விசிறிகளும் ஒரு ஹார்டு டிஸ்கும் ஒன்றாக ஓடும்போது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் காது எளிதில் ஏமாந்துவிடும். இரும்புத் தகடு முழுவதும் அதிர்வதால் எல்லாத் திசையிலிருந்தும் வருவதுபோல் தோன்றும். கெட்டிக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு விசிறியின் முன்னும் சிறிது தள்ளிப் பிடித்துப் பார்த்தால் இந்த ஏமாற்றம் பாதி தீரும். இன்னும் உறுதி வேண்டுமானால், கணினியை முற்றிலும் அணைத்து, கேபினெட் விசிறிகளில் ஒன்றின் இணைப்பை மட்டும் பிடுங்கிவிட்டு மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். சத்தம் நின்றுவிட்டால் ஆள் அகப்பட்டான். ப்ராசஸர் விசிறியின் இணைப்பைப் பிடுங்கி இப்படிச் சோதிப்பது மட்டும் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் விசிறியை விரலால் நிறுத்திப் பார்க்கிறவர்களும் உண்டு. இறக்கை ஒடிந்தால் அதற்குப்பின் அந்த விசிறிக்குச் சமநிலை என்பதே கிடையாது, விரலுக்கும் நல்லதல்ல.

இடத்தைவிட எனக்கு அதிகம் உதவியது தாளம். இயங்குதளம் தொடங்குவதற்கு முன்பே திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் ஒவ்வொரு விசிறியும் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்ற எண் காட்டப்படும். விசிறியின் மூன்றாவது ஒயர் அதற்காகவே இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 2 துடிப்புகள் வீதம் அது மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். 1,200 சுற்று என்றால் வினாடிக்கு 20 சுற்று. ஏழு இறக்கை உள்ள விசிறியில் ஒவ்வோர் இறக்கையும் ஏதோ ஒன்றில் உரசினால் வினாடிக்கு 140 முறை தட்டும். அது தனித்தனித் தட்டலாகக் கேட்காமல் டர்ர்ரென்ற ஒரே இழுவையாகக் கேட்கும். ஓர் இறக்கை மட்டும் வளைந்தோ பிசிறோடோ இருந்து உரசினால் 20 முறைதான். அது படபடவென்ற தட்டலாகக் கேட்கும். ஹார்டு டிஸ்க் 7,200 சுற்று வேகத்தில் ஓடுவதாக இருந்தால் அதன் ரீங்காரம் எப்போதும் 120 ஹெர்ட்ஸிலேயே நிற்கும், கணினி சூடானாலும் குளிர்ந்தாலும் மாறாது. விசிறியின் ஒலி அப்படியல்ல, வேகம் ஏற ஏற அதன் சுருதியும் ஏறும். கைப்பேசியில் ஒலியின் அலைவரிசையை வரைந்துகாட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பயாஸில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது எந்த முகடு கூடவே நகர்கிறது என்று பார்த்தால், அது விசிறியின் ஒலிதானா என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

என் கணினியின் டர்ர்ருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. பக்கவாட்டுத் தகட்டைத் திறந்துவைத்தால் அது வரவில்லை, மூடினால் வந்தது. இந்த ஓர் அடையாளம் தென்பட்டால் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை: தகடு எதையோ உள்ளே தள்ளுகிறது. நான் ஒதுக்கிவிட்டு மறந்த ஒயர்களில், முன்பக்க விளக்குகளுக்குச் செல்லும் மெல்லிய ஜோடி ஒன்று, தகட்டை மூடியவுடன் முன்விசிறியின் இறக்கை முனைகளில் போய்ச் சாய்ந்துகொண்டது. ஒரே மாலையில் அதன் உறை சிறிது வெளுத்துப்போயிருந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் செம்பு வெளியே வந்திருக்கும். பழைய கட்டுகளை வெட்டிவிட்டுச் சுத்தம் செய்கிறவர்கள் மீண்டும் கட்டுவதற்கு மறப்பதுதான் இந்த வகைச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் என்று நினைக்கிறேன். தொழிற்சாலையில் ஒயர்களைக் கட்டி வைப்பது அழகுக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒயரைக் கட்டியதும் டர்ர்ர் நின்றது. உறுமல் நிற்கவில்லை; காகிதக் குழல் அதைப் பின்விசிறியின் கணக்கில் சேர்த்தது. முதலில் திருகாணிகளைப் பார்த்தேன். விசிறிச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் இறங்கும் அந்தத் தடித்த திருகாணிகள் பிளாஸ்டிக்கில் தாங்களே புரி வெட்டிக்கொண்டு இறங்குபவை. தளர்வாக இருந்தால் சட்டம் கேபினெட்டோடு சேர்ந்து கடகடக்கும். ஆனால் மிகையாக முறுக்கினாலும் சட்டம் லேசாகக் கோணலாகி, இறக்கை முனைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் நூலிழை இடைவெளி ஒரு பக்கம் அடைபட்டு, உரசல் தொடங்கும். நான்கையும் அரைகுறையாக இறக்கிவிட்டுப் பிறகு மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குவதே முறை. மூலைகளில் ரப்பர் மெத்தைகள் இருந்து கழற்றும்போது விழுந்திருந்தால், அவற்றைத் தேடி எடுத்து வைப்பதுவரை அதிர்வு கேபினெட்டுக்கு நேராகப் போய்க்கொண்டேயிருக்கும்.

விசிறியைத் திருப்பி மாட்டிவிட்டேனோ என்ற சந்தேகமும் எழுந்தது. சாதாரண விசிறிகளில் ஸ்டிக்கர் ஒட்டிய, மோட்டாரைத் தாங்கும் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். பின்விசிறியில் அது வெளியே பார்க்கவேண்டும், முன்விசிறியில் உள்ளே பார்க்கவேண்டும். இதில் ஒன்று மாறினாலும் காற்றோட்டம் குழம்பிச் சூடு ஏறும். அதோடு, காற்று உள்ளிழுக்கப்படும் பக்கத்தில் இறக்கைக்கு மிக அருகில் ஒரு கம்பிவலை இருந்தால், ஒவ்வோர் இறக்கையும் கலங்கிய காற்றை வெட்டிச் செல்லும்போது சங்கு ஊதுவதுபோல ஒரு தனி ஒலி பிறக்கும். அதே வலை வெளியேற்றும் பக்கத்தில் இருந்தால் அவ்வளவு இரையாது. நான் சரியாகத்தான் மாட்டியிருந்தேன். அன்று நான் சரியாகச் செய்த வேலைகள் மிகச் சிலவே ஆதலால் அதையும் குறித்துவைக்கிறேன்.

உறுமலுக்கு உண்மையான காரணம் நான் விட்டுவைத்த தூசி. இறக்கைகளின் முன்பக்கம் பளிச்சென்று இருந்தது. பின்பக்கத்தில் நான்கு இறக்கைகளில் தூசி போயிருந்தது, தூரிகை எட்டாத மூன்றில் கெட்டியான சாம்பல் நிறப் பட்டை அப்படியே ஒட்டியிருந்தது. ஆறு ஆண்டுகளில் தூசி எல்லா இறக்கைகளிலும் ஏறக்குறைய சமமாகப் படிகிறது. அதனால் விசிறியின் எடை கூடினாலும் சமநிலை கெடுவதில்லை. பாதியை மட்டும் எடுத்த நாளில்தான் சமநிலை கெடுகிறது. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதானே என்று அலட்சியமாக நினைக்கலாம். நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளி அந்த 0.1 கிராம் அதிகமாக இருந்தால், 1,200 சுற்று வேகத்தில் அது ஏறக்குறைய 8 கிராம் எடை தொங்குவதற்குச் சமமான விசையோடு அச்சை வெளியே இழுக்கும், அதுவும் வினாடிக்கு 20 முறை திசை சுற்றிச் சுற்றி. வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப விசை வளர்வதால் 2,000 சுற்றில் அதே தூசி 22 கிராம் கனக்கும். ஈரம் பிழிந்த துணியால் இறக்கைகளை ஒவ்வொன்றாக, முன்னும் பின்னும், இன்னொரு கையால் இறக்கைச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு துடைத்து உலரவிட்டேன். உறுமலின் பெரும்பகுதி அதோடு போயிற்று. சுத்தம் செய்யாமல் விடுவதற்கும் முழுமையாகச் செய்வதற்கும் நடுவில் ஓர் அரைகுறை நிலை இருக்கிறதே, விசிறிக்கு அதுதான் மூன்றிலும் கெட்டது.

காற்றிரைச்சல் வேறு கதை. அது விசிறியின் குற்றமே அல்ல என்பது பயாஸில் ப்ராசஸரின் வெப்பத்தைப் பார்த்த உடனே தெரிந்தது. தூசியோடு இருந்தபோது எந்த வேலையும் இல்லாத நேரத்தில் 46 டிகிரி செல்சியஸில் இருந்தது, சுத்தமான பிறகு 63-ல் நின்றது. வேலை கொடுத்தால் 90-ஐத் தாண்டியது. விசிறி தனக்கு இடப்பட்ட கட்டளையைத்தான் நிறைவேற்றிக்கொண்டிருந்தது. கணினியை நீண்ட நேரம் அணைத்துவைத்துவிட்டு இயக்கும்போது இயங்குதளம் பின்னணியில் அப்டேட்டுகளை இழுத்துக்கொண்டு ப்ராசஸரை வேலைவாங்குவது உண்டு. சுத்தம் செய்த அன்று மட்டும் விசிறி இரைந்து மறுநாள் அடங்கிவிட்டால் அதுவே காரணமாக இருக்கலாம். பயாஸ் திரையில் இயங்குதளமே ஓடாது என்பதால் என் விஷயத்தில் அந்தச் சமாதானமும் இல்லை.

விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். கூலரை மதர்போர்டோடு பிணைக்கும் நான்கு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று பாதி வெளியே வந்திருந்தது. நான் பிடித்து அசைத்ததில் அது நழுவியிருக்கவேண்டும். ஒரு மூலை தூக்கிக்கொண்டதும், ப்ராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் உள்ள, ஆறு ஆண்டில் காய்ந்துபோயிருந்த தெர்மல் பேஸ்ட் விரிசல்விட்டு, அந்த இடத்தில் காற்று புகுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று தங்காதபடி நிரப்புவதுதான் அந்தப் பேஸ்டின் ஒரே வேலை. உலோகத்தோடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்துவதே இல்லை என்று சொல்லிவிடலாம். முளையை மட்டும் அழுத்திவிட்டால் போதும் என்று மனம் சொன்னது. ஆனால் ஒருமுறை பிளவுபட்ட காய்ந்த பேஸ்ட் மீண்டும் ஒட்டாது. கூலரை முழுவதுமாகக் கழற்றி, இரு பரப்புகளையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து, முளைகளை மூலைக்கு மூலையாக இரண்டிரண்டாக டக்கென்று கேட்கும்வரை அழுத்தினேன். வேலையற்ற நேர வெப்பம் 37 டிகிரிக்கு வந்தது, இரைச்சலும் அதோடு இறங்கியது. காலையில் சோம்பல்பட்ட வேலையை மாலையில் இருமடங்காகச் செய்தேன்.

வெப்பம் சரியாக இருந்தும் ஒரு விசிறி இடைவிடாமல் முழுவேகத்தில் ஓடினால், இணைப்பைப் பார்க்கவேண்டும். இணைப்பில் நான்கு ஊசிகள் உள்ள விசிறிகளுக்கு 12 வோல்ட் எப்போதும் போய்க்கொண்டே இருக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைப்பது நான்காவது ஒயரில், நம் செவிக்கு எட்டாத 25 கிலோஹெர்ட்ஸ் அளவில் செல்லும் துடிப்பு. மூன்று ஊசி விசிறிக்கு அந்த ஒயரே இல்லை. வோல்ட்டைக் குறைத்தால்தான் அதன் வேகம் குறையும். எனவே மூன்று ஊசி விசிறியைக் கழற்றிய இடத்தில் மாட்டாமல், துடிப்பு முறையில் அமைக்கப்பட்ட வேறோர் இணைப்பில் மாட்டிவிட்டால், அது 12 வோல்ட்டையும் வாங்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடும். பயாஸில் அந்த இணைப்பை வோல்ட் முறைக்கு மாற்றினால் போதும். கழற்றுமுன் ஒரு புகைப்படம் எடுத்துவைத்திருந்தால் அதுவும் தேவைப்படாது.

வேகத்தில் சிறிது மாறினாலும் சத்தத்தில் இவ்வளவு மாற்றம் ஏன் என்பதற்கு விசிறிப் பொறியியலில் ஒரு வாய்பாடு உண்டு. காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதத்தில்தான் கூடும். சத்தமோ வேகம் இரட்டித்தால் ஏறக்குறைய 15 டெசிபல் ஏறும், ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே 4 டெசிபல் ஏறும். அதே அளவு விசிறி ஒன்றை அதே வேகத்தில் கூடுதலாக மாட்டினால் ஏறுவது 3 டெசிபல் மட்டுமே. ஒரு விசிறி வேகமாக ஓடுவதைக் காட்டிலும் இரண்டு மெதுவாக ஓடுவது அமைதி என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. அதனால், துவைத்த வடிகட்டி வலையை ஈரத்தோடு மாட்டி அதில் தூசி அப்பிக்கொள்ள விடுவதுபோன்ற சிறு தவறுகூட, விசிறியைச் சில நூறு சுற்று அதிகம் ஓடவைத்துக் காதில் வந்து நிற்கிறது.

இவ்வளவும் முடிந்த பிறகும் ஒரு சத்தம் மிஞ்சியது. காலையில் கணினியை இயக்கியவுடன் பின்விசிறியிலிருந்து கரகரவென்று கேட்கும். கால்மணி நேரத்தில் சூடேறியதும் மங்கிவிடும். விசிறியின் சட்டத்தில் ஒரு மரக்குச்சியின் முனையை ஊன்றி மறுமுனையைக் காதோரம் வைத்தபோது மணலை அரைப்பதுபோல் கேட்டது. இது பேரிங், அதாவது விசிறியின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பகுதி. மலிவான விசிறிகளில் உள்ளது ஸ்லீவ் வகை: எண்ணெய் ஊறிய உலோகக் குழலுக்குள் எஃகு அச்சு சுழலும், நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலம்தான் இரண்டையும் பிரித்துவைக்கும். ஆண்டுகளும் வெப்பமும் எண்ணெயைக் கெட்டிப்படுத்தும், உலர்த்தும். அந்த நிலைக்கு வந்துவிட்ட ஒரு பேரிங்கை நான் ஊதுகருவியால் அதற்கென்று வகுக்கப்பட்ட வேகத்தைத் தாண்டிச் சுழலவிட்டிருக்கிறேன். போதாததற்கு, நுண்தூசி பறந்துகொண்டிருந்த காற்றில். குளிர்ந்த நிலையில் சத்தமிட்டுச் சூடானதும் அடங்குவது எண்ணெய் வற்றிய ஸ்லீவ் பேரிங்கின் குணம். குண்டு பேரிங் உள்ள விசிறி இப்படி அடங்காது, எந்நேரமும் உருட்டிக்கொண்டே இருக்கும்.

சோதிக்கக் கணினியை அணைத்து, விசிறியை விரலால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கவேண்டும். ஒரு சுற்றில் நான்கு இடங்களில் மெல்லப் பிடித்து விடுவதுபோல் தோன்றினால் பயப்படவேண்டாம், அது உள்ளே இருக்கும் காந்தத்தின் இழுப்பு. சக்கரத்தை மேலே தூக்கினால் மயிரிழை அளவு அசைவதும் இயல்பே. பக்கவாட்டில் ஆடினாலோ, விரலுக்குக் கரகரப்புத் தட்டினாலோ, தள்ளிவிட்டதும் மிதந்து ஓடாமல் சட்டென்று நின்றாலோதான் தேய்மானம்.

ஸ்டிக்கரைப் பாதி உரித்து, அடியில் இருந்த சிறிய ரப்பர் மூடியை எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். இரண்டு சொட்டுக்குமேல் விட்டால் அது வழிந்து இறக்கைகளில் பரவித் தூசியை வரவேற்கும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி கரைப்பான் ஆதலால், முதல் நாள் அமைதியைத் தந்துவிட்டு, மிச்சமிருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். சமையல் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். முறையான எண்ணெய்கூடத் தேய்ந்த உலோகத்தைத் திருப்பித் தராது. எனக்கு அது ஐந்து வாரம் அமைதி கொடுத்தது. பிறகு கரகரப்பு திரும்பியது, விசிறியை மாற்றினேன். முதல் நாளே வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். முதல் நாளே வாங்கியிருந்தால் புது விசிறியும் மாட்டி, ஒயரும் முன்விசிறியில் உரசி, ப்ராசஸரும் 90 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இதில் சில மாற்றங்கள் உண்டு. அங்கே இருப்பது காற்றைப் பக்கவாட்டில் தள்ளும் மெல்லிய ஊதுவிசிறி. அது தள்ளும் காற்று செம்புத் தகடுகளின் வழியே வெளியேறும். அந்தத் தகடுகளின் உட்புற வாயில்தான் தூசி ஒரு மெத்தைபோல் சேரும். உறையைத் திறக்காமல் வெளியே இருந்து ஊதினால் அந்த மெத்தை பிய்ந்து, கட்டிகளாக விசிறிக்குள்ளேயே திரும்பி விழுந்து கடகடக்கும்; சுத்தம் செய்த மறுநிமிடம் தொடங்கும் மடிக்கணினிச் சத்தத்தில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. அடிமூடியைத் திறந்து விசிறியையும் தகடுகளையும் பிரித்து எடுப்பதே இதற்கு வழி. மூடும்போது நீளமான திருகாணியைக் குட்டையானதன் இடத்தில் இறக்கினாலோ, அடிமூடியின் கொக்கி ஒன்று பொருந்தாமல் நின்றாலோ, மெல்லிய விசிறி உறை அழுந்தி இறக்கையைத் தொடும். மடியில் வைத்தால் சத்தம், மேசையில் வைத்தால் இல்லை என்றால் இங்கேதான் பார்க்கவேண்டும்.

சத்தம், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ளிருந்து வந்தால் மட்டும் மேற்சொன்ன எந்த வீரத்தையும் காட்டக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே மின்னைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். வெளியே இருந்து தூசியை நீக்கிப் பார்க்கலாம், போகவில்லையென்றால் பெட்டியையே மாற்றிவிடலாம். ஒரு விசிறிக்காக அந்த மூடியைத் திறப்பது எனக்குச் சம்மதமில்லை.

புது விசிறி வந்தபின் எல்லாம் அடங்கியது, ஒரு சிறு ரீங்காரத்தைத் தவிர. அது எப்போதும் வருவதில்லை. வேகம் 1,100-ஐ நெருங்கும்போது எழும், 1,180-ஐத் தாண்டினால் மறையும். பக்கவாட்டுத் தகட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்தால் நின்றுவிடும். அந்த வேகத்தில் விசிறியின் துடிப்பும் தகட்டின் இயல்பான அதிர்வும் ஒன்றாகிவிடுகின்றன. இதற்குத் தகட்டின் உட்புறம் ஒட்டுப்பஞ்சு ஒட்டலாம். நான் பயாஸில், வெப்பத்துக்கேற்ப விசிறியின் வேகத்தைக் குறிக்கும் வரைபடத்தைத் திறந்து, 55 டிகிரிவரை 1,000 சுற்றிலேயே நிற்கும்படியும், அதைத் தாண்டினால் ஒரே தாவலாக 1,250-க்குப் போகும்படியும், இறங்கும்போது 50-க்குக் கீழே வந்தபிறகே திரும்பும்படியும் புள்ளிகளை நகர்த்திவைத்தேன். நடுவில் உள்ள அந்த எண்பது சுற்று இடைவெளியில் இப்போது விசிறி ஒரு வினாடிக்குமேல் தங்குவதில்லை. தாவும் அந்த ஒரு வினாடியில் தகடு ம்ம் என்று ஒரு முறை முனகுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.